வெள்ளிக்கிழமை டப்பா

மார்ச் 4, திங்கள்

நங்கைக்கு ஊர் திரும்ப டிக்கெட் இருபத்தாறாம் தேதிக்கு. வந்து ஒன்பது வாரமாகிறது. இந்த ஒன்பது வாரத்தில் அவர் பார்த்த நியூசிலாந்து என்னவென்றால் எங்கள் ஹால், எங்கள் சமையலறை, சூப்பர் மார்க்கெட், அப்புறம் நெல்சன் கடற்கரையில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்தால் தூரத்தில் மலை தெரியும். அங்கெல்லாம் யார் போவார்கள் என்று ஒரு நாள் கேட்டார். நான் போவேன் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. பெயர் பாவாயி, வயது அறுபத்து மூன்று, கோபிக்குப் பக்கம் மஞ்சள் விவசாயம். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் இதயத்தில் பைபாஸ் ஆனது. ஊரில் இன்றைக்கும் இரண்டு எருமையைப் பார்த்துக்கொள்கிறார், விடிந்ததும் மஞ்சள் காட்டைச் சுற்றி நாலு கிலோமீட்டர் நடக்கிறார். இங்கே வந்தால் தம்பி தண்ணீர் ஜக்கைக்கூடத் தூக்க விடுவதில்லை. நாலு படி ஏறினால் "அக்கா, பாத்து" என்று பின்னாலேயே கையை ஏந்திக்கொண்டு போகிறார். இவரைக் குறை சொல்லவில்லை. தாயில்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று வளர்த்த அக்கா. பயம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் அதே பயம்தான் எனக்கும் பதினேழு வருடமாகப் பரிமாறப்படுகிறது. ஆஸ்பத்திரி லேபில் கூட வேலை செய்யும் ஹெதரோடு சேர்ந்து மலையேறக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் இவர் சாப்பிடாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். போன வருடம் பாதியாகக் குறைத்தேன். இந்த வருடம் இன்னும் போகவே இல்லை. அதைப் பற்றி ஒன்றுமில்லை.

இன்றைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே நங்கை மெதுவாகக் கேட்டார்.

"ஒரு நா என்னையக் கூட்டீட்டுப் போ புள்ள. மேல நின்னு பாத்துட்டு வந்தர்லாம். அவனுக்குச் சொன்னாத்தான விட மாட்டான்?"

மார்ச் 6, புதன்

சொல்லியாயிற்று. ஹான்மர் என்ற ஊரில் சுடுநீர் ஊற்று இருக்கிறது, பஸ் ஏறுகிற இடம் வரை என் காரில் போய்விடுவோம், அங்கிருந்து பஸ்ஸில் கூட்டிப் போகிறார்கள், இரண்டு ராத்திரி, நங்கையின் முழங்காலுக்கு நல்லது என்று சொன்னேன். இவர் உடனே சரி என்றார். தண்ணீர் ரொம்பச் சூடாக இருந்தால் அக்காவை இறக்காதே என்றார். துண்டு எடுத்து வைத்தாயா என்று இரண்டு தடவை கேட்டார். இவ்வளவு சுலபமாக நம்புகிறவரிடம் பொய் சொல்வது சங்கடமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

ஹெதரின் பழைய பூட்ஸ் நங்கைக்குப் பொருந்துகிறது, இரண்டு சாக்ஸ் போட்டால். புடவையை விட மாட்டேன் என்கிறார். உள்ளே என் டிராக் பேண்ட், மேலே முழங்காலளவு தூக்கிச் சொருகிய ஆரஞ்சு நைலக்ஸ் புடவை, கீழே பூட்ஸ். கண்ணாடியில் பார்த்துவிட்டு அவரே பத்து நிமிடம் சிரித்தார்.

மார்ச் 9, சனி

நகரத்துக்குப் போய் பீக்கன் வாடகைக்கு எடுத்தேன். இந்த ஊரில் அது இல்லாமல் மலைக்குப் போகிறவர்கள் குறைவு. மஞ்சள் நிறத்தில் கையடக்கமான கருவி. காட்டுக்குள் போனில் டவர் எடுக்காது. கை கால் உடைந்தாலோ உயிருக்கு ஆபத்து என்றாலோ, இதன் ஆண்டெனாவை இழுத்து நிமிர்த்தி, முத்திரையைக் கிழித்து, பட்டனை அமுக்க வேண்டும். நாம் இருக்கிற இடம் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குப் போய்விடும். பேச முடியாது, பதிலும் வராது. மேலே வானம் திறந்திருக்க வேண்டும், அமுக்கினபிறகு அணைக்கக் கூடாது, நகரவும் கூடாது.

கடைப் பெண் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். சிக்னல் வந்ததும் மையத்துக்காரர்கள் முதலில் நாம் எழுதிக் கொடுத்த நம்பருக்குப் போன் செய்வார்களாம். நாம் நிஜமாகவே மலைக்குப் போயிருக்கிறோமா, எத்தனை பேர், எந்த வழி, என்ன சீக்கு என்று விசாரிப்பார்களாம். வீட்டு அலமாரியில் கிடந்து தானாக அமுங்கிய கருவிகளும் உண்டாம். அதனால் விவரம் தெரிந்த ஆளின் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும்.

படிவத்தில் இரண்டு நம்பர் கேட்டார்கள். ஒன்று இவருடையது. இன்னொன்று ஹெதருடையது, ஆனால் ஹெதர் மகனைப் பார்க்க ஆஸ்திரேலியா போயிருக்கிறாள். கட்டத்தைக் காலியாக விட்டால் வாங்க மாட்டார்கள், அதனால் எழுதினேன். அதெல்லாம் யாரும் கூப்பிடப் போவதில்லை.

மார்ச் 11, திங்கள்

காலை ஐந்து மணியிலிருந்து சமையல். நாங்கள் இல்லாத நாளுக்கு இவருக்கு டப்பா போட்டு வைக்காமல் நான் எங்கும் போனதில்லை. நாலு டப்பா, மேலே நாள் எழுதி ஒட்டியிருக்கிறேன். செவ்வாய்க்குப் பாகற்காய்க் குழம்பு, சர்க்கரைக்கு நல்லது, மூஞ்சியைச் சுளித்தாலும் தின்னட்டும். புதனுக்குக் கீரை. வியாழனுக்குத் தட்டைப்பயிறு. வெள்ளிக்கு அரிசிம்பருப்புச் சாதம். வியாழன் சாயங்காலமே வந்துவிடுவீர்கள் இல்லையா, அப்புறம் வெள்ளிக்கு எதற்கு என்று கேட்டார். வந்த மறுநாள் என்னால் அடுப்படியில் நிற்க முடியாது என்றேன்.

காரணம் வேறு. யாரிடமும் சொல்லாமல் மலைக்குப் போகக் கூடாது என்பது ஹெதர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அதனால் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். எந்தக் காட்டுப் பாதை, கார் நிற்கும் இடம், எந்தக் குடிலில் தங்குவோம், புதன்கிழமை எந்த முகட்டுக்கு ஏறுவோம், என் பை சிவப்பு, நங்கையின் மாத்திரைகள், வியாழன் சாயங்காலம் திரும்பல். கடைசியில், "பீக்கன் எடுத்துப் போகிறோம். ஆபத்தென்றால் உங்களுக்குத்தான் போன் வரும். தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதீங்க" என்றும் எழுதினேன். இவருக்கு அது ஒரு வியாதி. பேர் வராத நம்பர் எல்லாம் திருடன் நம்பர்.

தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஃப்ரிட்ஜில் வெள்ளிக்கிழமை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். நாங்கள் ஒழுங்காக வந்துவிட்டால் நானே எடுத்துக் கிழித்துப் போடுவேன். வராவிட்டால் வியாழன் ராத்திரி பஸ் லேட் என்று நினைப்பார். வெள்ளி மத்தியானம் பசிக்கும். இவருக்குப் பசிக்காமல் இருந்த நாள் கிடையாது. டப்பாவைத் தூக்குவார், தாளைப் பார்ப்பார். அரிசிம்பருப்பு என்றால் தூக்காமல் இருக்க மாட்டார்.

இதைவிடப் பக்காவாக யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய். குடிலில்

வந்து சேர்ந்தோம். சாலை முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு மூன்று மணி நேர நடை என்று பலகையில் போட்டிருந்தது. எங்களுக்கு ஐந்து ஆனது. அவசரமே படவில்லை. பீச் மரக் காடு, கீழெல்லாம் பாசி, பக்கத்திலேயே ஆறு. நங்கை இருபது நிமிடம் நடப்பார், ஐந்து நிமிடம் உட்கார்ந்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்ப்பார், "ஓடுது, நட" என்பார். விசிறிவால் குருவி ஒன்று கூடவே வந்தது. அதற்கு ஊர்க் கதை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

குடிலில் ஆறு கட்டில், ஒரு கணப்பு, ஒரு மழைத்தண்ணீர்த் தொட்டி. எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. வருகைப் புத்தகத்தில் பெயரும் நாளைய வழியும் எழுதினேன். நங்கை தானும் எழுத வேண்டும் என்று வாங்கி, தமிழில் "பாவாயி, கோபி" என்று பெரிதாக எழுதினார். அதற்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஏன் வந்தோம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள் என்றேன். யோசித்து, "பாக்கறதுக்கு" என்று சேர்த்தார்.

தக்காளிச் சோறும் ஊறுகாயும் தின்றோம். பீக்கனை எப்படி அமுக்குவது என்று அவருக்கும் சொல்லிக் கொடுத்தேன், எனக்கு என்னவாவது ஆனால் என்று இல்லை, பொதுவாக. ஆண்டெனா, முத்திரை, பட்டன், வானம். நாலையும் திரும்பச் சொன்னார். இவ்வளவு சின்னப் பொட்டி, இதை அமுத்தினால் ஆகாயத்திலிருந்து ஆள் வருமா என்று சிரித்தார்.

இவர் இந்நேரம் பாகற்காயைத் தின்றிருப்பார். ஹான்மரில் போன் எடுக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் தேட மாட்டார். பன்னிரண்டு மணி நேரமாக என்னை யாரும் எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நிம்மதியாக இருக்கிறது. கொஞ்சம் வெறிச்சென்றும் இருக்கிறது.

மார்ச் 13, புதன்

11.40. நேரம் போட்டு எழுதுகிறேன். இப்படிச் செய்தால் மூளை தெளிவாக இருக்கும் என்று ஹெதர் சொல்வாள்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். பத்தரைக்குக் காட்டு விளிம்பைத் தாண்டி முகட்டில் நின்றோம். மரமே இல்லாத புல்வெளி, சுற்றிலும் மலை, தெற்கே ஒன்றின் தலையில் பனி. நங்கை ஒரு பாறையில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். அழுகிறாரோ என்று நினைத்தேன். கிட்டப் போனால், "என்ற தம்பி இதப் பாத்திருக்கறானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாவம்" என்றார்.

இறங்கும்போது, காட்டுக்குள் நுழைந்து பத்து நிமிடத்தில் ஈரமான வேரில் என் வலது கால் சறுக்கியது. கணுக்கால். கொஞ்சம் வீக்கம். அரை மணி நேரம் ஓய்வு எடுத்தோம்.

அரை மணி நேரத்தில் மூன்று தடவை எழுந்து நிற்கப் பார்த்தேன். மூன்றாவது தடவை கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாதம் இருக்க வேண்டிய பக்கம் பார்த்து இல்லை என்று நங்கை சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றேன், குச்சி வெட்டிக் கொடுங்க, நொண்டியே போய்விடலாம் என்றேன். கீழே குடிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம், அங்கிருந்து காருக்கு ஐந்து. போன் எடுக்கிற இடம் அதற்கும் அப்பால். மூன்று மணிக்கு மேல் மேகமும் மழையும் என்று வானிலையில் போட்டிருந்தார்கள். மேகம் இறங்கிவிட்டால் ஹெலிகாப்டர் வராது.

நான் யோசித்தது காலைப் பற்றி இல்லை. பட்டனை அமுக்கினால் வீட்டில் போன் அடிக்கும். அதைத்தான் யோசித்தேன்.

நங்கை என் பையைத் திறந்து மஞ்சள் பொட்டியைக் கையில் எடுத்தார்.

"நீ அமுத்தறயா, நான் அமுத்தட்டுமா?"

இவருக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் தெரியுமா நங்கை என்று கேட்டேன்.

"திட்டுவான். அந்தத் திட்ட வாங்கறதுக்காவது நாம உசுரோட போகோணுமில்ல?"

இங்கே மரம் அடர்த்தி, வானமே தெரியவில்லை. திறந்த இடத்துக்குப் போக வேண்டுமென்றால் பத்து நிமிடம் திரும்ப ஏற வேண்டும். பைபாஸ் ஆனவர் தனியாக ஏற வேண்டும். வேண்டாம் என்றேன். என் மழைக்கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, "வெசனப்படாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அமுக்கினதும் இரண்டு தடவை கூப்பிடுங்க, அப்புறம் கால் மணிக்கு ஒரு தடவை கூப்பிடுங்க என்று பின்னாலிருந்து கத்தினேன். கிளம்பும்போதே விசிலை நீட்டினேன், வாங்கவில்லை. மஞ்சக் காட்டில் அந்தக் கோடியில் இருக்கிற ஆளைக் கூப்பிட்ட தொண்டை, எனக்கெதற்கு விசில் என்றார்.

11.52. இரண்டு தடவை கேட்டது. "கோகிலாஆ. கோகிலாஆ." அமுக்கிவிட்டார்.

12.05. மேலிருந்து குரல், சரி. வெள்ளித்தாள் போர்வையைப் போர்த்தியிருக்கிறேன். தோசையைச் சுற்றின பொட்டலம் மாதிரி இருக்கிறேன். கால் வலி தாங்கக்கூடியதுதான்.

12.12. இப்போதுதான் உறைக்கிறது. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மையத்திலிருந்து இவருக்குப் போன் போகும். தெரியாத நம்பர், கட் பண்ணுவார். திரும்ப அடிப்பார்கள், திரும்பக் கட் பண்ணுவார். கட் பண்ணாதீங்க என்று எழுதின தாள் எங்கே இருக்கிறது? வெள்ளிக்கிழமை டப்பாவுக்கு அடியில். இன்றைக்குப் புதன். போனை எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு இவருக்கு இன்னும் இரண்டு நாள் பசிக்க வேண்டும்.

சரி, எடுத்தே விட்டார் என்று வை. உங்கள் மனைவி மலையில் இருக்கிறாரா என்று கேட்பார்கள். இல்லையே, ஹான்மரில் சுடுதண்ணீரில் இருக்கிறாளே என்பார். ஊரிலிருந்து யார் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்றாலும் எல்லாரும் சௌக்கியம், ஒரு குறையுமில்லை என்று சொல்லியே பழகின வாய். அதையே அவர்களிடமும் சொல்வார். பொய் சொல்கிறவர் இல்லை என்பது குரலிலேயே தெரிந்துவிடும். கருவி தானாக அமுங்கிவிட்டது போல என்று நினைத்து அவர்கள் ஹான்மரில் தேடப் போவார்கள், இல்லை ஹெதரைக் கூப்பிடுவார்கள். எப்படியும் வருவார்கள். ஆனால் எப்போது? மூன்று மணிக்கு மேகம்.

ஒரு பொய்யைச் சொல்லி அதற்கு நாலு டப்பா சாப்பாடும் போட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

12.20. குரல், சரி. காற்று கூடியிருக்கிறது. மேலே இன்னும் அதிகமாக இருக்கும்.

12.35. குரல் வரவில்லை.

12.38. இல்லை. நான் விசில் ஊதினேன். பதில் இல்லை.

12.44. இல்லை. ஊதிக்கொண்டே இருக்கிறேன். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் எனக்கு அவரிடம் பயம், அப்புறம் மரியாதை. இந்த ஒன்பது வாரத்தில்தான் பிடிக்க ஆரம்பித்தது. அவர் இதயத்தைப் பற்றி நான் ஏன் அவ்வளவு தைரியமாக இருந்தேன்? இவரை எதிர்ப்பதற்கு எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவருக்காக வந்தேன் என்று பத்து நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், எனக்காகத்தான் வந்தேன். நங்கைக்கு என்னவாவது ஆனால் இவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன். ஊர்ந்து மேலே போகப் பார்க்கிறேன்.

மார்ச் 14, வியாழன். ஆஸ்பத்திரியில்

நேற்றைய மீதியை எழுதுகிறேன். ஐந்தாறு அடிதான் ஊர்ந்தேன். 12.51க்கு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், பட்டன் அமுக்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் யாரையோ தேடுகிறார்கள், நம்மை இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு நடுவே ஹெல்மெட் போட்ட ஒரு பெண் இறங்கி வந்தாள். பின்னாலேயே, வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்காமல், நங்கை. புடவை பாதி அவிழ்ந்து கையில் சுருட்டி வைத்திருந்தார். முந்தானையை அகல விரித்து ஆட்டி அடையாளம் காட்டினாராம், ஹெலிகாப்டர் காற்று புடவையை இழுத்ததாம், நங்கை விடவில்லையாம். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"அங்க ஒரு எடத்துல மேகம் வெலகி, கடல் தெரிஞ்சுது புள்ள. பாத்துட்டே இருந்துட்டேன். மறந்துபோச்சு."

நான் அழுதேன். வலியினால் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இது பாவாயி, பைபாஸ் ஆனவர், ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், சரியா என்று கேட்டாள். என் சிவப்புப் பையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். காலைத் தொட்டாள். வலிக்கிறதா என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நான் ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பக் கூடாது என்று என் கணவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறாராம்.

எந்தக் கணவர் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. எனக்கு இருப்பது ஒருவர்தான், அவரைப் பொறுத்தவரை நான் ஹான்மரில் இருக்கிறேன்.

முதல் மணியிலேயே எடுத்தாராம். வழி, குடில், முகடு, இன்றைக்கு எங்கே இருப்போம் என்று ஒரே மூச்சில் சொன்னாராம். எதிரே தாள் வைத்துப் படித்தது போல இருந்தது என்று மையத்துக்காரர்கள் சொன்னார்களாம்.

கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. நேற்றுச் சாயங்காலமே தகடு வைத்தார்கள். நங்கைக்கு இதயத்தில் படம் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரி. இந்த வயதுக்கு நல்ல உடம்பு என்று டாக்டர் சொன்னதை என்னிடம் நாலு தடவை சொல்லிவிட்டார். தம்பியிடம் ஐந்து தடவை.

இவர் நேற்று நாங்கள் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். திட்டவில்லை. காரை எங்கே நிறுத்தினேன் தெரியுமா, இந்த ஊரில் பார்க்கிங்கே கிடைப்பதில்லை என்றார். அக்காவின் பூட்ஸ் கயிற்றை உட்கார்ந்து அவிழ்த்துவிட்டார். இன்றைக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், போனார். திட்டினால் எனக்குப் பதில் இருக்கிறது, பதினேழு வருடமாகத் தயார் செய்த பதில். திட்டவே மாட்டேன் என்கிறார்.

எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மார்ச் 15, வெள்ளி. வீட்டில்

மத்தியானம் அனுப்பிவிட்டார்கள். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு முதல் வேலையாகச் சமையலறைக்குப் போனேன். தண்ணீர் குடிக்க என்று சொன்னேன்.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். செவ்வாய் டப்பா வைத்தது வைத்தபடி இருந்தது. புதனும் அப்படியே. வியாழனும். வெள்ளிக்கிழமை டப்பா மட்டும் இல்லை. திரும்பிப் பார்த்தால் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, தண்ணீர் காய்ந்து தடம் விழுந்திருந்தது. பக்கத்தில் உறையிலிருந்து எடுத்த என் தாள், மடித்து மடித்து நடுவில் கிழியப் பார்க்கிறது.

இவர் வந்து வாசற்படியில் நின்றார். நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவராகவே சொன்னார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாகற்காய் டப்பாவைத் திறந்தாராம், மூடி வைத்துவிட்டாராம். நாலு நாளுக்குச் சமைத்தவள் எங்கேயாவது ஒரு அரிசிம்பருப்பு வைத்திருப்பாள் என்று தேடினாராம்.

ஆக நாங்கள் காட்டுக்குள் நுழைந்து முதல் ஆற்றைத் தாண்டுவதற்குள் இவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

உடனே தன் காரை எடுத்துக்கொண்டு சாலை முடிகிற இடம் வரைக்கும் வந்திருக்கிறார். இரண்டு மணி நேர ஓட்டம். என் கார் நிற்பதைப் பார்த்திருக்கிறார். காட்டுப் பாதை ஆரம்பிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார்.

"ஏங்க உள்ள வந்து கூப்பிடல?" என்று கேட்டேன். அதுதான் எனக்குப் புரியவில்லை. இந்த மனுஷன் மாடிப்படிக்கே பின்னால் ஓடுகிறவர்.

"ஒம்பது வாரமா அக்கா ஜன்னல்ல பாத்துட்டிருந்துது. எனக்குத் தெரியாதா?" அப்புறம் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டு, "அங்கயே உக்காந்திருப்பேன். போன்ல டவர் எடுக்கல. அதான் திரும்பி வந்துட்டேன்" என்றார்.

செவ்வாய் சாயங்காலத்திலிருந்து போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை என்று நங்கை பின்னால் சொன்னார், இவர் அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். குளிக்கும்போது வாளிக்குப் பக்கத்தில். தூங்கும்போது என்பது இல்லவே இல்லை, தூங்கவில்லை. தாளையும் போனையும் எதிரே வைத்துக்கொண்டு, அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, அடித்தால் எடுக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அங்கே என்னை யாரும் எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை என்று நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்த அதே ராத்திரி.

மற்ற மூன்று டப்பாவையும் ஏன் தொடவில்லை என்று கேட்டேன்.

"பசிக்கல" என்றார்.

நான் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் செவ்வாய் டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தார், நன்றாகத்தான் இருக்கிறது என்றார். சுட வைத்துத் தட்டில் சோறு போட்டு, பாகற்காய்க் குழம்பை ஊற்றி, எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதித் தட்டு ஆனதும் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"அடுத்த தடவ அந்தத் தாளை டப்பாவுக்கு அடியில வெக்காத, கோகிலா. என்ற கையில குடு."

சரிங்க என்றேன். மீதியையும் சாப்பிட்டு முடித்தார். தட்டை அவரே கழுவி வைத்தார்.